நிலம் வாங்கிக் குடியேறினால் பழைய வாழ்க்கை திரும்பிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 32. ஆறு மாதக் கர்ப்பிணி. மூத்த மகனுக்கு ஏழு வயது. போன ஆண்டு கண்ணாடி போட வேண்டியதாகிவிட்டது. எங்களோடு இருக்கும் மாமனாருக்கு ரத்தக் கொதிப்பு. எனக்கும் கணவருக்கும் சரியான தூக்கமில்லை. எல்லாவற்றுக்கும் இந்த நகர வாழ்க்கைதான் காரணம், முன்னோர்கள் ஆஸ்பத்திரியே இல்லாமல் ஆரோக்கியமாக வாழ்ந்தார்கள் என்கிறார் கணவர். வேலையை விட்டுவிட்டுத் தொலைவில் நிலம் வாங்கி, விறகடுப்பு, கிணற்றுத் தண்ணீர் என்று வாழலாம். பிரசவமும் அங்கேயே, பிறக்கும் குழந்தைக்குத் தடுப்பூசியும் வேண்டாம் என்பது அவர் திட்டம். அவர் சொல்வதில் பாதி எனக்குச் சரியென்று படுகிறது. மீதிப் பாதி பயமாக இருக்கிறது. நான் என்ன முடிவெடுப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கணவர் பார்த்தது நிஜம். அதற்கு அவர் சொல்லும் காரணத்தில்தான் பிசகு இருக்கிறது. பழைய வாழ்க்கை மனித உடலுக்குச் சில பெரிய நன்மைகளைச் செய்தது. தட்டிக்கழிக்க முடியாத நடை, உப்பும் சர்க்கரையும் எளிதில் கிடைக்காத சாப்பாடு, பகல் முழுக்க வெளிச்சம், குழந்தையை வாங்கிக்கொள்ள எப்போதும் பக்கத்தில் பல கைகள் ஆகியவற்றிலிருந்து வந்த நன்மைகள் அவை. விறகிலிருந்தும் கிணற்றிலிருந்தும் அவை வரவில்லை. மருத்துவர் இல்லாததிலிருந்து நிச்சயமாக வரவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் திட்டத்தில் பழைய வாழ்க்கையின் ஆபத்துகள் எல்லாம் இருக்கின்றன. அதன் மிக முக்கியமான பலமான மனிதர் கூட்டம் மட்டும் அதில் இல்லை.

முதலில் அவர் பக்கத்து நியாயம். பொலிவியக் காட்டோரங்களில் பயிர் செய்தும் வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழும் சிமானே மக்களில் 40 வயதைக் கடந்த 705 பேரின் இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு 2017இல் வெளியானது. 100க்கு 85 பேருக்கு இதய ரத்தக் குழாய்களில், மாரடைப்பு அபாயத்தைக் காட்டும் சுண்ணாம்புப் படிவே இல்லை. 80 வயதுச் சிமானே முதியவரின் ரத்தக் குழாய், 50களின் நடுவில் இருக்கும் அமெரிக்கருடையதைப் போல இருந்தது. வெனிசுவேலாக் காட்டில் வாழும் யானோமாமி மக்களுக்கு வயது ஏற ஏற ரத்த அழுத்தம் ஏறுவதே இல்லை. அவர்களுக்கு அருகிலேயே வாழும் யெக்வானா மக்களிடம் வெளியுலகத் தொடர்பும் வெளிச் சாப்பாடும் கொஞ்சம் வந்துவிட்டன. அவர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 0.25 புள்ளி ஏறுகிறது. ஆகவே வயதானால் கொதிப்பு வரத்தான் செய்யும் என்பது இயற்கை விதி அல்ல. இதில் உங்கள் கணவர் சொல்வது சரி.

இதே மக்களிடம் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிமானே மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குக் குடலில் புழுக்கள். வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்த சமூகங்களின் பிறப்பு இறப்புகளைக் கணக்கிட்டால், பிறந்த 100 குழந்தைகளில் 15 வயதைத் தொட்டவர்கள் ஏறக்குறைய 60 பேர்தான். அந்த வயதைத் தாண்டியவர்களில் பலர் 70ஐ எட்டினார்கள். முன்னோர் நீண்ட ஆயுள் வாழ்ந்ததாக நாம் நினைப்பது இதனால்தான். பிழைத்து முதுமை கண்டவர்களைத்தான் குடும்பங்கள் நினைவில் வைத்திருக்கின்றன. தொட்டிலோடு போனவர்களைப் பற்றிப் பேச ஆளில்லை. இன்று உலகம் முழுவதையும், ஏழை நாடுகளையும் சேர்த்தே கணக்கெடுத்தாலும், ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் 1,000க்கு 37 பேர். சுத்தமான தண்ணீர், தடுப்பூசி, பயிற்சி பெற்றவர் பார்க்கும் பிரசவம், கிருமிக்கொல்லி மருந்து ஆகியவை சேர்ந்து கொண்டுவந்த மாற்றம் இது. இந்த நான்கையும் எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிரசவத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு மூன்று மாதங்களே இருக்கின்றன. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் திறந்து நிற்கும் ரத்தக் குழாய்களை மூடுவது கருப்பைத் தசையின் சுருக்கம்தான். தசை சுருங்கத் தவறினால் இரண்டு மணி நேரத்துக்குள் தாயின் உயிர் போகலாம். முதல் பிரசவம் சுலபமாக முடிந்தவருக்கும், எந்த முன்னறிகுறியும் இல்லாதவருக்கும் இது வரும். குழந்தை வெளியே வந்தவுடன், முடிந்தால் ஒரு நிமிடத்துக்குள், 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுவது இதைத் தடுக்கும் முதல் காப்பு. அந்த மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். அது போதாவிட்டால் ரத்தம் ஏற்ற வேண்டும், அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம். தொலைதூர நிலத்தில் இவற்றில் ஒன்றும் கைக்கு எட்டாது. 2023இல் உலகில் ஏறக்குறைய 2,60,000 பெண்கள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்தார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை தடுத்திருக்கக்கூடிய சாவுகள்.

உங்கள் கணவர் ஆஸ்பத்திரியை வெறுப்பதற்கும் காரணம் இருக்கலாம். தனியறையில் துணையின்றி, மல்லாந்து படுத்தபடி, பிறந்த குழந்தையை உடனே தூக்கிக்கொண்டு போய்விடுகிற பிரசவம் யாருக்கும் பிடிக்காது. அப்படித்தான் நடக்க வேண்டும் என்று மருத்துவம் இன்று சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டல், பழைய பிரசவ முறையின் நல்ல அம்சங்களில் பலவற்றைத் திரும்ப ஏற்றுக்கொண்டிருக்கிறது. வலி நேரத்தில் நீங்கள் விரும்புகிறவர் கூட இருக்கலாம். எழுந்து நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், உட்கார்ந்தோ மண்டியிட்டோ பெறலாம். குழந்தை நலமாக அழுதால் தொப்புள் கொடியை உடனே வெட்டாமல் ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். அந்த நேரத்தில் குழந்தைக்குள் போகும் ரத்தம் பின்னால் வரும் சோகையைக் குறைக்கிறது. முதல் ஒரு மணி நேரம் குழந்தை உங்கள் வெற்று மார்பின் மேல் இருக்க வேண்டும், அதற்குள் பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். நீங்கள் போகப்போகும் மருத்துவமனையில் இவை ஒவ்வொன்றையும் இப்போதே கேளுங்கள், கணவரை வைத்துக்கொண்டே கேளுங்கள். இரண்டு, மூன்று இடங்களில் விசாரித்தால் ஒத்துக்கொள்கிற ஓர் இடம் பெரும்பாலும் கிடைக்கும். கர்ப்ப காலத்தில் போட வேண்டிய டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்று உங்கள் அட்டையையும் பாருங்கள்.

தடுப்பூசி வேண்டாம் என்பவர்கள், இயற்கையோடு ஒட்டி வாழ்ந்தால் உடம்பே நோயைத் தடுத்துவிடும் என்கிறார்கள். வட அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாரோ தீவு மக்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள்: கடல் காற்று, மீன்பிடி, ஆட்டு மந்தை. 65 ஆண்டுகள் அங்கே தட்டம்மை எட்டிப் பார்க்கவில்லை. 1846இல் கோபன்ஹேகனிலிருந்து வந்த ஒரு தச்சர் மூலம் நோய் நுழைந்தது. சில மாதங்களில் சுமார் 7,800 பேரில் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். 1781இல் வந்த தட்டம்மையில் விழுந்து பிழைத்த முதியவர் எவரையும் அது தொடவில்லை என்று, நிலைமையைப் பார்க்க அனுப்பப்பட்ட ‘பீட்டர் பானும்’ என்ற மருத்துவர் குறித்து வைத்தார். நல்ல காற்றும் உழைப்பும் அந்த மக்களைத் தட்டம்மையிலிருந்து காக்கவில்லை. உடம்பு அந்தக் கிருமியை முன்பே ஒருமுறை அறிந்திருந்தது மட்டுமே காத்தது. உயிராபத்து இல்லாமல் அந்த அறிமுகத்தைச் செய்து வைப்பதுதான் தடுப்பூசியின் வேலை. இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அந்த நோய் ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவதில்லை. அதனால் ஊரெல்லாம் ஊசி போட்டிருந்தாலும் உங்கள் குழந்தைக்கு அது காப்பாகாது. மண்ணில் வாழப் போகிறவர்களுக்குத்தான் இந்த ஊசி கூடுதல் அவசியம்.

இப்போது நிலத்துக்குப் போகும் யோசனை. இதில் நான் அதிகம் கவலைப்படுவது உங்களைப் பற்றித்தான். பழைய மனிதர்கள் கொஞ்சம் உழைத்து நிறைய ஓய்வெடுத்தார்கள் என்ற கருத்து 1960களில் கலஹாரி பாலைப்பகுதியின் சான் மக்களை ஆராய்ந்ததிலிருந்து பரவியது. உணவு தேட வாரத்துக்கு 20 மணி நேரம்கூட அவர்களுக்கு ஆகவில்லை என்பது அதில் வந்த கணக்கு. கொட்டை உடைப்பது, சமைப்பது, விறகும் தண்ணீரும் சுமப்பது, கருவிகளைச் சீர்செய்வது எல்லாம் பின்னர் சேர்க்கப்பட்டபோது கணக்கு 40 மணி நேரத்தைத் தொட்டது. தவிர, அது வேட்டைச் சமூகத்தின் கணக்கு. பயிர் செய்கிறவர்களின் கணக்கு வேறு. பிலிப்பைன்ஸில் வாழும் அக்தா மக்களில் ஒரு சாரார் இன்னும் வேட்டையையும் சேகரிப்பையும் நம்பியிருக்கிறார்கள், மற்றவர்கள் விவசாயத்துக்கு மாறிவிட்டார்கள். 2019இல் வெளியான ஆய்வில், முதல் வகையினர் வாரத்துக்குச் சுமார் 20 மணி நேரம் வெளி வேலை செய்தார்கள், விவசாயத்துக்கு மாறியவர்கள் சுமார் 30 மணி நேரம். அந்தக் கூடுதல் சுமை பெண்கள் தலையில்தான் அதிகம் விழுந்தது. விவசாயம் மிகுந்த குடியிருப்புகளில் பெண்களின் ஓய்வு நேரம் பாதியாகிவிட்டிருந்தது.

உங்கள் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். விறகடுப்பு என்றால் பொறுக்குவது, உலர்த்துவது, ஊதுவது, கரி தேய்ப்பது. குழாய் இல்லையென்றால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர் என்று மிகச் சிக்கனமாக வைத்தாலும், பிறக்கும் குழந்தையையும் சேர்த்து ஐந்து பேருக்கு 100 லிட்டர் சுமக்க வேண்டும். கைக்குழந்தையோடு இதையெல்லாம் யார் செய்வது என்று இருவரும் உட்கார்ந்து மணிக்கணக்கு போட்டு எழுதுங்கள். அந்தத் தாளில் உங்கள் பெயர் எத்தனை முறை வருகிறதென்று அவரும் பார்க்கட்டும்.

பழைய சமூகங்களில் தாய் பெரும்பாலும் இப்படித் தனியாக நின்றதில்லை. டான்சானியாவில் வேட்டையாடியும் சேகரித்தும் வாழும் ஹட்ஸா மக்கள் 20, 30 பேர் கொண்ட முகாம்களாக வாழ்கிறார்கள். காங்கோவின் பயாக்கா மக்களைக் கவனித்த 2023ஆம் ஆண்டு ஆய்வில், சிறு குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் கவனிப்பும் அணைப்பும் கிடைத்தன. தாயைத் தவிர அதைக் கொடுத்தவர்கள் பத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பெரிய குழந்தைகளும் உண்டு. ஒரு தாய், ஒரு தந்தை, சுற்றிலும் ஆளில்லாத நிலம் என்ற ஏற்பாடு இந்தச் சமூகங்களில் கிடையாது. அது நகரத்துத் தனிக்குடித்தனத்தின் இன்னும் கடுமையான வடிவம்.

ஆகவே பழைய வாழ்க்கையிலிருந்து நீங்கள் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது மனிதர்களை. பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களுக்கு நாலைந்து பேரை இப்போதே பேசி வையுங்கள். ‘ஏதாவது தேவைப்பட்டால் சொல்லு’ என்ற வார்த்தையை நம்பி இருக்காதீர்கள். தூக்கமின்றிக் கிடக்கும் தாய் யாரையும் கூப்பிட்டுக் கேட்க மாட்டாள். ஆளுக்கொரு வேலை, குறித்த நாள், குறித்த நேரம் என்று கொடுங்கள். ஒருவர் செவ்வாயும் வெள்ளியும் காலையில் குழந்தையை மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் தூங்குங்கள். ஒருவர் மூத்தவனைப் பள்ளிக்கு அழைத்துப் போகட்டும். ஒருவர் மதியச் சமையல். குழந்தையைப் பார்க்க வருகிறவர்களுக்கு மூன்று விதிகள்: கை கழுவிவிட்டுத் தூக்க வேண்டும், தூங்க வைக்கும்போது தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், இருமலோ காய்ச்சலோ இருந்தால் அன்று வரக்கூடாது. மனச்சோர்வும் காரணமற்ற அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் போனால் குணமாகும்.

மாமனாரின் கொதிப்புக்கு உப்பிலிருந்து தொடங்குங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குள், எல்லாம் சேர்த்து. மாதத்துக்கு 150 கிராம். நால்வர் வீட்டில் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் ஒரு மாதத்தில் தீர்கிறதென்றால், பொட்டலத் தின்பண்டங்களைச் சேர்க்காமலே அளவு தாண்டிவிட்டது. பொட்டலத்தில் சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருந்தால் 2.5ஆல் பெருக்குங்கள், அது உப்பின் அளவு. 100 கிராமில் 600 மில்லிகிராம் சோடியத்துக்கு மேலிருந்தால் வாங்காதீர்கள். ஒரேயடியாக நிறுத்தினால் சாப்பாடு சப்பென்று இருக்கும், மூன்றாம் நாளே மேசைக்கு உப்புச் சாடி வந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால்பங்கு குறையுங்கள், நாக்கு பழகிக்கொள்ளும். மாத்திரையை மட்டும் அவராக நிறுத்தக் கூடாது. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பையும் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில கொதிப்பு மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்து.

தூக்க விஷயத்தில் பலரும் ஆச்சரியப்படுவார்கள். ஹட்ஸா, சான், சிமானே மக்களின் கையில் கருவி கட்டிப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில் அவர்கள் தூங்கியது இரவில் 5.7 முதல் 7.1 மணி நேரம்தான். பொழுது சாய்ந்ததும் படுக்கவுமில்லை. சூரியன் மறைந்து மூன்று மணி நேரத்துக்கு மேலான பிறகே தூங்கினார்கள். ஆனால் அவர்களில் தூக்கமின்மையால் அவதிப்படுகிறவர்கள் மிகச் சிலர். ஒரே நேரத்தில் எழுவது, காலையில் நிறைய வெளிச்சம், குளிர்ந்து வரும் இரவில் உறங்குவது ஆகியவை அங்கே தானாக அமைந்திருந்தன. நீங்கள் விடுமுறை நாளிலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி நேரம் வெளியில் இருங்கள். படுக்கும் முன் இரண்டு மணி நேரம் வீட்டு விளக்குகளை மங்கலாக்கி, கைபேசியை வேறு அறையில் போடுங்கள். கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு தொடமாட்டேன் என்று உறுதி எடுப்பது பலிக்காது. 28 வாரத்துக்குப் பிறகு நீங்கள் மல்லாந்து தூங்க வேண்டாம், எந்தப் பக்கமாவது ஒருக்களித்துப் படுங்கள்.

உட்காருவதும் அப்படித்தான். ஹட்ஸா மக்களும் விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய 10 மணி நேரம் ஓய்வாகவே இருக்கிறார்கள். ஆனால் குந்தியும் மண்டியிட்டும் இருப்பதால் கால் தசைகள் வேலை செய்தபடி இருக்கின்றன. மாலையில் சோபாவை விட்டுத் தரையில் உட்காருகிற பழக்கத்தைக் கணவரும் மகனும் தொடங்கலாம். மூட்டு வலி உள்ள மாமனாரைக் கட்டாயப்படுத்த வேண்டாம்; அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தால் போதும். கால் மணி நேர நடையில் முடிகிற வேலைக்கு வண்டி எடுப்பதில்லை என்று வீடே ஒரு விதி வைத்துக்கொண்டால் தனியாக உடற்பயிற்சிக்கு நேரம் தேட வேண்டியதில்லை.

மகனின் கண் விஷயத்துக்கு வருவோம். பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவதைக் குறைக்கப் பகல் வெளிச்சம் உதவுகிறது. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்ட குழந்தைகளில், மூன்று ஆண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம். மற்றக் குழந்தைகளில் 39.5 சதவீதம். ஏற்கெனவே வந்த குறை இதனால் போகாது, அதனால் கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். தினமும் இரண்டு மணி நேரம் வெளியில் விளையாடட்டும். மரநிழலும் போதும்.

இவ்வளவுக்கும் பிறகு கணவருக்கு நிலத்தின் மேல் ஆசை குறையாவிட்டால், குழந்தைக்கு ஒரு வயது முடியட்டும். ஒருவர் சம்பளத்தைக் கைவிடாமல், அந்த இடத்தருகே வாடகைக்கு ஒரு வீடு எடுத்து, மழைக்காலமும் வறண்ட காலமும் அடங்கிய ஒரு முழு ஆண்டு இருந்து பாருங்கள். நடந்துபோகும் தூரத்தில் குறைந்தது பத்துக் குடும்பமாவது இல்லாத இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அறுவை சிகிச்சையும் ரத்தமும் கிடைக்கும் மருத்துவமனைக்கு, மழை பெய்யும் இரவில் எவ்வளவு நேரமாகிறது என்று வண்டியில் போய்ப் பாருங்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் வேறு இடம் தேடுங்கள். கிணறு கழிப்பறைக் குழியிலிருந்து 30 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். தண்ணீரைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பும்போது கிருமியோடு நைட்ரேட், புளூரைடு, ஆர்செனிக் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு நைட்ரேட் 50 மில்லிகிராம், புளூரைடு 1.5 மில்லிகிராம், ஆர்செனிக் 0.01 மில்லிகிராம் ஆகியவையே மேல் எல்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் இந்த மூன்றும் போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். நைட்ரேட் மிகுந்த தண்ணீர் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்துவிடும்.

அடுப்புப் புகையை வீட்டுக்குள் விடவே கூடாது. வீட்டுச் சமையல் புகையால் 2020இல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. கர்ப்பிணி அந்தப் புகையைச் சுவாசித்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். வெறுங்காலோடு மண்ணில் நடப்பது நல்லது என்பார்கள். கொக்கிப்புழு பாதத்தின் தோலைத் துளைத்துத்தான் உடம்புக்குள் போகிறது. மலம் கலந்த ஈர மண் இருக்கும் இடத்தில் செருப்பு அவசியம்.

இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பாதி வாதத்தில் அவர் ஜெயித்திருக்கிறார், அதனால் கோபப்பட மாட்டார். பிரசவ இடத்தை மட்டும் இந்த வாரமே இருவரும் போய்ப் பேசி முடிவு செய்துவிடுங்கள். அதுவரையிலும் அதற்குப் பின்னும் ரத்தக் கசிவு, தண்ணீர்க்குடம் உடைவது, விடாத தலைவலி, பார்வை மங்குவது, முகம் வீங்குவது, வலிப்பு, குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும், எந்த நேரமானாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.